ஸ்பீக்கரை அணைத்த நேரம்

அவர்கள் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர்தான். கல்யாணமான புதிதில், நாத்தனார் என்ன சொன்னாள், அம்மா என்ன சொன்னாள் என்று ஒருவர் வாயை ஒருவர் கிளறிச் சண்டை முற்றியபோது, இருவருமாகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. இரண்டு பக்கத்துச் சொந்தம் பேசுவதையும் இரண்டு பேரும் கேட்க வேண்டும். சண்டை ஓய்ந்தது. பழக்கம் மட்டும் பஸ்ஸுக்கும் பேங்குக்கும் கூடவே வந்தது. யாராவது முறைத்தால் கூசிப்போவது அவள்தான். அச்சகத்தில் மெஷின் இரைச்சலோடு போட்டி போட்டே குரல் தடித்துப்போன கணவருக்கு அதெல்லாம் உறைக்காது.

இன்று மார்பகப் பரிசோதனைப் பிரிவில் காத்திருந்தார்கள். கட்டி தட்டுப்பட்டதை அவரிடம் மட்டுமே சொல்லியிருந்தாள். முடிவு தெரியும்வரை வேறு யார் காதுக்கும் போகக் கூடாது. நிதானமாகப் பயப்படக்கூட அவளுக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. அதற்குள் அடுத்தவர்களின் பயத்தையும் சேர்த்துச் சுமக்க முடியாது.

போன் அடித்தது. பழக்கதோஷத்தில் அவர் விரல் தானாக ஸ்பீக்கரைத் தொட்டது.

"எங்கடா இருக்க? வந்து பாத்தா வீடு பூட்டிக் கிடக்கு!"

நாத்தனாரின் குரல் அறையெங்கும் பரவியது. எதிர் நாற்காலியில் இருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வெளிய வந்திருக்கோம்க்கா."

"வேலை நாள்ல ரெண்டு பேருமா? எங்க?"

அவருக்குப் பொய் வராது. மனைவியைப் பார்த்தார். அவள் வேண்டாமென்று தலையசைத்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு எழுந்து வெளியே போனார்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் முதுகு தெரிந்தது. அவள் விரும்பியதுதான். ஆனாலும் பழைய அரிப்பு ஒன்று உள்ளே தலைதூக்கியது. என்ன சொல்கிறார்? அக்கா குரலைக் கேட்டதும் உடைந்துவிட்டாரா? அவருக்கும் பயம் இருக்குமே. அதை இறக்கிவைக்க அவருக்கு யார் இருக்கிறார்கள்? அவர் உடைந்தாலும் பரவாயில்லை என்று நினைத்துப் பார்த்தாள். மனம் அதற்கு முழுதாக ஒப்பவில்லை.

அப்போது கதவையும் மீறி அந்த அச்சகக் குரல் உள்ளே வந்தது.

"பல்லு! பல்லு வலி! ஆமா, கடவாப் பல்லு! மூஞ்சியெல்லாம் வீங்கிக் கிடக்குக்கா, போனைக் குடுத்தாலும் அவளால பேச முடியாது!"

அறையே அவளைத் திரும்பிப் பார்த்தது. யாரோ இருமலில் சிரிப்பை மறைத்தார்கள்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, வாழ்நாளில் இல்லாத அளவுக்குக் குரலைத் தாழ்த்தி, "சமாளிச்சிட்டேன். ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

அவள் முந்தானையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

எதிரே இருந்த அம்மாள் மெல்லக் குனிந்து, "எனக்கும் பல்லுதாம்மா" என்றாள். "ரெண்டாவது தடவை."

நர்ஸ் எட்டிப் பார்த்து, அவர் மனைவியைக் கூப்பிட்டாள். அவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு எழுந்தாள்.