சாந்தினி வந்த வாரம்

புருஷன் உதயா சொந்தமாகக் குதிரை வாங்கி வந்த அன்று முத்துமாரிக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடும் சேட்டின் லாயத்தில் அவன் வேலை பார்த்த காலமெல்லாம் குதிரை என்பது அவன் சட்டையில் வரும் வாடை மட்டும்தான். இப்போது அது அவர்கள் குடிசையின் தகரச் சுவருக்கு அந்தப் பக்கமே நின்றது. வெள்ளைப் பெண் குதிரை, பெயர் சாந்தினி. மூச்சு விட்டால் உள்ளே கேட்டது. கால் மாற்றி வைத்தால் தகரம் அதிர்ந்தது. கரோல் பாக்கில் வீட்டுவேலைக்குப் போகிறவள், அதைக் கடந்து போகப் பயந்து சாக்கடை ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

"அது ஒன்னும் பண்ணாது மாரி, கிட்ட வா," என்பான் உதயா.

"ஒன்னும் பண்ணக் கூடாதுன்னு அதுக்குத் தெரியுமா?" என்பாள் இவள்.

அந்த வாரமே முதல் ஊர்வலம் கிடைத்தது. புசா ரோடு பக்கம் ஒரு சர்தார் வீட்டுக் கல்யாணம், காலையிலேயே மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு சீக்கியர் கோயிலான குருத்வாராவுக்குப் போகவேண்டும். முந்தின நாள் புல் வாங்கப் போன உதயாவின் பாதத்தில் பேட்டரி ரிக்ஷா ஏறிவிட்டது. விடிந்தபோது கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. கல்யாண சீசன்; தெரிந்த ஆட்கள் எல்லாரும் வேறு வேறு ஊர்வலங்களுக்குப் போய்விட்டார்கள்.

"நீதான் பிடிச்சுட்டுப் போவணும்."

"என்னால முடியாதுய்யா."

"நம்மள நம்பி மாப்பிள்ளை நிப்பாரு. முதல் தடவையே போவலன்னா, அப்புறம் எவன் கூப்பிடுவான்?"

முடியாது முடியாது என்று சொல்லிக்கொண்டே அவனுடைய சிவப்புக் கோட்டைப் புடவைக்கு மேல் மாட்டினாள். கை நீளம் விரலை மூடியது. உதயா ஒற்றைக் காலில் நின்று சேணம் கட்டி, கடிவாள வாரை அவள் கையில் சுற்றாமல் மடித்து வைத்தான்.

"இடது தோள் பக்கமே நட. காதைப் பின்னால மடக்குச்சுன்னா பேச்சுக் குடு."

"என்னத்தப் பேச?"

"எதையாவது."

போகிற வழியெல்லாம் பேசினாள். குழாயில் தண்ணீர் வராதது, வேலை செய்யும் வீட்டு அம்மா லீவு தராதது, எல்லாவற்றையும் சொன்னாள். அதன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பஸ் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் குதிரையின் தோல் சிலிர்த்தது. இவள் இன்னும் வேகமாகப் பேசினாள்.

மாப்பிள்ளை சின்னப் பையன்தான், இளஞ்சிவப்புத் தலைப்பாகை. ஏறி உட்கார்ந்ததும் குனிந்து ஹிந்தியில் மெதுவாகக் கேட்டான். "அக்கா, இது குதிக்காதுல்ல?"

"குதிக்காது தம்பி. நம்ம குதிரை," என்றாள். சொன்னவள் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பேண்டு முழங்கியது. சாந்தினி அசையவில்லை. தெருமுனை திரும்பும்போது முன்னால் ஆடிக்கொண்டிருந்த ஒருவன் சரவெடியைக் கொளுத்திப் போட்டான்.

குதிரையின் கண்ணில் வெள்ளை தெரிந்ததைத்தான் முத்துமாரி பார்த்தாள். அடுத்த கணம் முன்னங்கால் இரண்டும் அவள் தலைக்கு மேலே இருந்தன. கூட்டம் சிதறியது. கால்கள் தரையில் இறங்கிய வேகத்தில் சாந்தினி ஓடியது. விட்டுவிடு என்று உடம்பு கெஞ்சியது. மேலே அந்தப் பையன் சேணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்துவது கேட்டது. அவள் விடவில்லை. வார் உள்ளங்கையைச் சீவிக்கொண்டு போனது. செருப்பு கழன்றது. மேலும் ஓட முடியாமல் அவள் பக்கவாட்டில் சாய்ந்தபோது, அந்தக் கனத்தில் குதிரையின் தலை திரும்பியது. தலை போன பக்கம் உடம்பும் சுற்றியது. ஒரு சந்துக்குள் நுழைந்து, நிறுத்தியிருந்த காருக்கும் சுவருக்கும் நடுவே நின்றது. அதன் விலா ஏறி ஏறி இறங்கியது.

"நான் இறங்கிடறேன்," என்றான் மாப்பிள்ளை.

"இறங்காதீங்க. எனக்கும் பயம்தான். கொஞ்ச நேரம் மூணு பேரும் இப்படியே நிப்போம்."

அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். மூச்சிரைக்க ஓடிவந்த அவன் மாமா, "ஜல்தி, ஜல்தி, நேரமாச்சு," என்று வாரைப் பிடிக்க வந்தார். சாந்தினி காதை மடக்கியது. முத்துமாரி கையை நீட்டி அவரைத் தடுத்தாள்.

"மிச்ச வெடியெல்லாம் தண்ணியில போடுங்க. அப்புறம்தான் இது நகரும்." அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"நீ யாரும்மா சொல்றதுக்கு?"

"குதிரை என்னோடது."

"மாமாஜி, சொல்றதைச் செய்ங்க," என்றான் மேலிருந்தவன்.

டீக்கடை வாளியில் வெடிகள் ஊறியதைக் கண்ணால் பார்த்த பிறகே நடந்தாள். குருத்வாரா வாசல் வரை பேச்சை நிறுத்தவில்லை. மாப்பிள்ளை இறங்கித் தரையில் கால் வைத்ததும்தான் அவளுக்கு மூச்சே வந்தது.

வீட்டுக்கு வந்து குதிரையைக் கட்டப்போனால் விரல்கள் விரிய மறுத்தன. உதயா நொண்டிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான். உள்ளங்கையில் வார் அறுத்த சிவப்பைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் சாந்தினி புல்லை மென்றது.

"நாளன்னைக்கும் ஒன்னு வந்திருக்கு," என்றான் தயங்கி. "என் கால் இன்னும்..."

அவள் சிவப்புக் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தாள்.

"வெடி வைக்கிற வீட்டுக்கு நான் போவமாட்டேன்," என்றாள். "இப்பவே போன் பண்ணிச் சொல்லிடு."