இரண்டாம் சுற்றில் சொன்ன பெயர்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பிரசவ விடுதியில் கிடைத்தது.

சூரிச்சுக்கு அப்பால், மலையடிவாரத்துக் கூர் நகரத்து மருத்துவமனை ஒன்றில் என் மனைவி நோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நான் யன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில், யாருக்கும் பயன்படாமல் நடந்துகொண்டிருந்தேன். மருத்துவிச்சி எங்கள் தமிழ் ஆள், பெயர் கஜலக்சுமி. "தம்பி, நீர் நடக்கிறதிலை பிள்ளைக்கும் தலைசுத்தப் போகுது. இதிலை இரும், ஒரு கதை சொல்றன்" என்றார். பிள்ளை பெறுகிறவளுக்குக் கதை தேவையில்லை, அவளுக்கு வேலை இருக்கிறது. பக்கத்தில் நிற்கிறவனுக்குத்தான் தேவை.

கதை பாதியில் நிற்க என் மகள் பிறந்துவிட்டாள். மீதியைக் கேட்க, பிறகொரு நாள் அவளையும் தூக்கிக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன். எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதும். ஆனால் எழுதினதை எனக்கு வாசிச்சுக் காட்டோணும்."

ஒப்புக்கொண்டேன். அதனால்தான் இந்தக் கதையின் ஓரமெல்லாம் அவருடைய குரல் கேட்கும். (நேரில் அவர் எனக்கு அக்கா. கதைக்குள் 'அவள்' என்றுதான் எழுதப் போகிறேன். அதற்கும் அனுமதி வாங்கிவிட்டேன்.)

2

முதல் தொடக்கம்: பனி போர்த்திய மலைகளின் மடியில் ஒரு

விட்டுவிட்டேன். நடந்தது ஆனி மாதம். பனியே இல்லை, மாட்டிலையான்தான் மொய்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் தொடக்கம்: கணவனை இழந்த கஜலக்சுமி தனிமையின்

இதை வாசித்துக் காட்டினேன். அக்கா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டார்: "கூரிலை என்னோடை வேலை செய்யிற ஆக்களுக்கே நான் விதவை எண்டு தெரிய ஒரு வருசம் ஆச்சுது. உம்மடை வாசகருக்கு மட்டும் முதல் வரியிலையே தெரியோணுமோ?"

ஆகவே வாசகரே, மூன்றாம் தொடக்கம். கஜலக்சுமி மருத்துவிச்சி. இந்த மலைநாட்டில் அவள் கையில் பிறந்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பை நிரப்புவார்கள். நல்ல சம்பளம், நல்ல வீடு, முழங்கால்தான் கொஞ்சம் நோகும். அவளுக்கு இல்லாமல் போனது ஒன்றே ஒன்று: நாலு பேர் கூடுகிற இடத்தில் அவளுக்கென்று ஓர் இடம்.

3

அது எப்படி இல்லாமல் போனது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீட்டினால் அழுகைக் கதையாகிவிடும், அக்கா கோபிப்பார்.

புருசன் இரவீந்திரன் அரோசாவில் ஒரு ஹோட்டலில் சமையல்காரன். நெஞ்சுவலி, ஒரே நாளில் போய்விட்டான். அடுத்த வருடம் அவளுடைய தங்கை ஜெயகௌரி, திரிம்பாக்கில் தமிழர் கோயிலுக்குக் கிட்ட இருப்பவள், தன் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு செய்தாள். பெரிய மண்டபம், ஒளிப்படக்காரர், ஆலாத்தி எடுக்கும் பெண்கள் சோடி சோடியாக மேடையேறுகிறார்கள். பிள்ளைக்குப் பெரியம்மா கஜலக்சுமி. அவளும் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு எழும்பினாள்.

ஜெயகௌரி ஓடிவந்து கையைப் பிடித்தாள். மிகவும் மெதுவாக, மிகவும் அன்பாகச் சொன்னாள்: "அக்கா, நீங்கள் இருங்கோ. வேறை ஆக்கள் செய்யினம்."

அந்தப் பிள்ளையை முதன்முதலில் கையில் ஏந்தியவளே கஜலக்சுமிதான். அவள் திரும்பக் கதிரையில் இருந்தாள். சாப்பிட்டாள். ரயில் ஏறிக் கூருக்கு வந்தாள். அதற்குப் பிறகு திரிம்பாக் கோயில் திருவிழாவுக்குப் போகவில்லை. சாமியோடு அவளுக்குக் கோபமில்லை. யார் எங்கே நிற்பது என்கிற வரிசையோடுதான் கோபம்.

4

வ்ரேனி என்ற கிழவி வருவது இங்கேதான்.

வ்ரேனி ஓய்வுபெற்ற தபால் பேருந்துச் சாரதி. கொண்டை ஊசி வளைவுகளில் மஞ்சள் பேருந்தைத் திருப்பித் திருப்பித் தோள் அகன்றவர். அவருடைய பேரப்பிள்ளை கஜலக்சுமியின் கையில் பிறந்தது. பிறந்ததும் கிழவி யன்னலைத் திறந்து, கோப்பையில் இருந்த பாலில் கொஞ்சத்தை வெளியே புல்லில் ஊற்றினார்.

"அது ஆருக்கு?" என்று கேட்டாள் கஜலக்சுமி.

"எனக்கு முன்னம் பெத்த பொம்பிளையளுக்கு," என்றார் வ்ரேனி. "நீ கேட்டது நல்லது. முந்தி வந்த மருத்துவிச்சி ஒண்டும் கேக்காமல் துடைக்கத் துணி எடுத்தவள்." *

* வ்ரேனி பேசியது கிரவுபூண்டன் மலைப் பேச்சு. அக்கா அதை எனக்கு யாழ்ப்பாணத் தமிழில்தான் சொன்னார், நானும் அப்படியே எழுதுகிறேன். கிழவிக்கு அது நன்றாகப் பொருந்துகிறது.

வ்ரேனியும் அவருடைய கூட்டத்தாரும் தங்களை 'ஹைடன்' என்பார்கள். தேவாலயங்கள் எழும்ப முன்னம் இந்த மண்ணில் கும்பிட்ட தெய்வங்களை இப்போது திரும்பக் கும்பிடுகிறவர்கள். இடிக்குத் தோனார். இந்த நாட்டு மொழியில் வியாழக்கிழமைக்கே அவர் பெயர்தான். ஊற்றுக்கும் கல்லுக்கும் மரத்துக்கும் வேறு வேறு தெய்வங்கள். வருடம் தோறும் ஆனியில், பகல் நீளமான நாளை ஒட்டி, மலை மேய்ச்சல் நிலம் ஒன்றில் கூடாரம் அடித்துச் சில நாள் கூடியிருப்பார்கள்.

"வாவன்," என்றார் வ்ரேனி. "மதம் மாறத் தேவையில்லை. வெங்காயம் வெட்ட ஆள் வேணும்."

5

கஜலக்சுமி போனாள். ஏன் போனாள் என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன்: வெறுமை, தேடல், ஆதித்தாய்

"அதொண்டும் இல்லை," என்றார் அக்கா. "லீவு இருந்தது."

பேருந்தால் இறங்கியபோது திரும்பிப் போய்விடலாமா என்றுதான் இருந்தது. கம்பளிப் போர்வையும் தோல் இடுப்புப்பட்டியுமாக ஆட்கள். சூரிச்சில் கணினி வேலை பார்க்கிறவன் ஒருவன் இடுப்பில் கோடரி செருகியிருந்தான். அவள் மழைச்சட்டையோடு, மருத்துவமனைக்குப் போடுகிற சப்பாத்தோடு நின்றாள். யாரும் அவளை எங்கேயிருந்து வந்தாய் என்று கேட்கவில்லை. இந்த நாட்டில் அது அவளுக்குப் புதுமை. கூர் என்று சொல்ல வாயைத் தயாராக வைத்திருந்தாள், வீணாய்ப் போயிற்று. கத்தியைக் கொடுத்தார்கள்.

வெங்காயம் வெட்டினாள். சூப்பில் உறைப்பில்லை என்று பையில் இருந்த மிளகாய்த்தூளைப் போட்டாள், இரண்டு பேர் இருமினார்கள், மற்றவர்கள் இரண்டாம் தரம் வாங்கினார்கள். பிறகு எல்லோரும் ஊற்றடிக்கு நடந்தார்கள். ஒருத்தி தண்ணீருக்குப் பூப் போட்டாள், ஒருவன் கல்லுக்குப் பால் ஊற்றினான். கஜலக்சுமியும் குனிந்து நெற்றியில் தண்ணீர் தொட்டு வைத்தாள். கல்லும் மரமும் சாமியாய் இருப்பதை அவளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் புத்தகம் படித்துத்தான் அதற்கு வந்திருந்தார்கள்.

6

பின்னேரம், மலை முகட்டில் வெயில் நிற்கும்போதே, வட்டமாக அமர்ந்தார்கள். ஒரு பெரிய மாட்டுக்கொம்பு நிறையத் தேன்மது. குடிக்காதவர்களுக்காக இன்னொரு கொம்பில் அப்பிள் சாறு. அது கைமாறி வரும். முதற் சுற்றில் ஒரு தெய்வத்தை நினைக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் இறந்துபோன ஒருவரின் பெயரைச் சொல்ல வேண்டும், வட்டம் முழுவதும் அதைத் திருப்பிச் சொல்லும்.

முதற் சுற்றில் சாற்றுக்கொம்பு வந்தபோது கஜலக்சுமிக்கு ஒரே கவலைதான்: இத்தனை பேரின் எச்சில். மனதுக்குள் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, கொம்பை உயர்த்தி, உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்தாள். வட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. அடுத்ததாக இருந்த கோடரிக்காரனும் அப்படியே முயன்றான். சாறு முழுக்கத் தாடியில், எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவள் கூட்டத்தோடு ஒட்டிவிட்டாள் என்று எழுதி முடித்திருப்பேன். கதை அங்கே முடியவில்லை.

இரண்டாம் சுற்று. கொம்பு அவள் கைக்கு வந்தது. எதிரே இருந்த ரைனர் என்கிறவன் பேசினான். அந்த வருடம்தான் புதிதாக வந்தவன். குரலை உயர்த்தவில்லை.

"ஒண்டு சொல்லவேணும். இவ நல்ல ஆளாய் இருக்கலாம். ஆனால் இது எங்கடை முன்னோரின்ரை சுற்று. இந்தத் தெய்வங்கள் இரத்த வழியாலை வாறது. இவவுக்கு இவவின்ரை தெய்வங்கள் இருக்குத்தானே."

நீங்கள் இருங்கோ. தங்கை சொன்னதுதான், வேறு மொழியில், அதே மரியாதையோடு.

வ்ரேனி வாயைத் திறந்தார். கஜலக்சுமி கையைக் காட்டினாள். பிரசவ அறையில், 'பொறு பிள்ளை, இப்ப முக்காதை' என்று காட்டுகிற அதே கை. வ்ரேனி நிறுத்திக்கொண்டார்.

"இரத்தம் என்ரை வேலை," என்றாள் கஜலக்சுமி. "விடிஞ்சால் அதுக்குள்ளைதான் கை. ஆரின்ரை பாட்டன்ரை பேரும் அதிலை எழுதியிருந்து நான் காணேல்லை. இது செத்தவையின்ரை சுற்று எண்டு சொன்னியள். எனக்கும் ஒரு ஆள் செத்திருக்கிறார். அவரின்ரை பேரைச் சொல்லப்போறன். கேக்க விருப்பமில்லாத ஆக்கள் காதைப் பொத்தலாம்."

சொல்லிவிட்டாள். ஆனால் பெயர் வரவில்லை.

இதை என் மனைவிதான் எனக்கு விளக்க வேண்டியிருந்தது. கஜலக்சுமி தன் புருசனின் பெயரை அவன் இருக்கும்போது ஒருநாளும் சொன்னதில்லை. 'இஞ்சாருங்கோ' என்பாள், 'அவர்' என்பாள். அவன் போனபிறகு மற்றவர்களும் அவளுக்கு நோகும் என்று அந்தப் பெயரை விட்டுவிட்டார்கள். உலகத்தில் யாருமே சொல்லாத பெயராய் அது அவள் நெஞ்சுக்குள் கிடந்தது. ரைனரை எதிர்ப்பது சுலபமாக இருந்தது. இது சுலபமாக இல்லை.

வட்டம் காத்திருந்தது.

"இரவீந்திரன்," என்றாள்.

"ராவின்ரான்," என்றது வட்டம்.

"இல்லை. இ-ர-வீந்-தி-ரன்." மூச்சு விடப் பழக்குகிறவள் போல ஒவ்வொரு அசையாகப் பிரித்துக் கொடுத்தாள். திரும்பச் சொன்னார்கள். இன்னும் ஒருமுறை கேட்டாள். அந்த முறை அது சரியாக வந்தது. மலைச்சரிவில் இத்தனை வாய்களில் அவள் புருசனின் பெயர் முழுதாக எழும்பியது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கொம்பை அண்ணாந்து குடித்து, அடுத்த ஆளிடம் கொடுத்தாள்.

ரைனர் மட்டும் சொல்லவில்லை. காதைப் பொத்தவும் இல்லை.

[இந்த இடத்தில் முதற் படியில் நான் வேறொன்று எழுதியிருந்தேன். ரைனரின் மனைவி நிறைமாதக்காரி. திடீரென்று அவளுக்கு நோக் காண்கிறது. வழியில் மண்சரிவு, பேருந்து இல்லை. கஜலக்சுமி கூடாரத்துக்குள் ஓடுகிறாள். வெளியே ரைனர் மண்டியிட்டு

அக்கா வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். "படத்திலை வரும். ஏன் தம்பி, நான் ஒரு பிள்ளையைப் பெறுவிச்சுக் குடுத்தால்தான் அவன் என்னை மனுசியாய் மதிக்கோணுமோ? சும்மா இருந்தால் மதிக்கக்கூடாதோ?" வெட்டிவிட்டேன். வெட்டியதை மறைக்கவில்லை.]

7

அவளுக்கு அதன்பின் எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. வருடம் தோறும் போகிறாள். கார்த்திகையிலும் சிறிய கூட்டம் ஒன்று உண்டு, அது அவள் வீட்டு வரவேற்பறையில்தான் நடக்கும். இப்போது இரண்டாம் சுற்றைத் தொடக்கி வைப்பது அவள் பொறுப்பு. மிளகாய்த்தூளுக்குத் தனிப் போத்தல் வைத்திருக்கிறார்கள்.

தங்கை ஜெயகௌரி தொலைபேசியில் கேட்டாள்: "அக்கா, சேர்ச்சுக்குப் போய் வேதத்துக்கு மாறிட்டியளோ? ஊரெல்லாம் கதைக்கினம்."

"வேதக்காரருக்கே இவையளைக் கண்டால் பயமடி," என்றாள் கஜலக்சுமி.

"அப்ப என்னதான் செய்யிறியள் அங்கை?"

"இருக்கிறன். எழும்ப வேண்டிய நேரத்திலை எழும்புறன்."

ஜெயகௌரி அடுத்த முறை தானும் வந்து பார்க்கலாமா என்று கேட்டாள். ஓம் என்றாள் கஜலக்சுமி. வெங்காயம் வெட்ட வேண்டியிருக்கும் என்றும் சொன்னாள்.

8

கதையின் முடிவை இன்னும் சொல்லவில்லை. அது நடந்தது அந்த முதல் வருடத்தில், வட்டம் கூடிய மறுநாள் விடியற்காலை. அங்கேதான் எனக்கும் அக்காவுக்கும் தகராறு.

கஜலக்சுமி ஈரப் புல்லில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தாள். வ்ரேனி கோப்பியோடு வந்தார்.

"ராவெல்லாம் கதைச்சனாங்கள்," என்றார். "பாதிப் பேர் ரைனரைப் போகச் சொல்லவேணும் எண்டினம். மற்றவை, இருக்கட்டும், எங்களோடை இருந்தால் மாறுவான் எண்டினம். நீ என்ன சொல்றாய்?"

"நான் விருந்தாளி. என்னை ஏன் கேக்கிறியள்?"

"விருந்தாளியை நாங்கள் கேக்கிறதில்லை," என்றார் வ்ரேனி.

கஜலக்சுமி வாயைக் கொப்பளித்தாள். கீழே, பேருந்துத் தரிப்பிடத்தில், ரைனர் தன் பையின் மேல் அமர்ந்திருப்பது தெரிந்தது. யாரும் இன்னும் அவனிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. தானாகவே போய் இருந்தான். பேருந்து வர நேரம் கிடந்தது. ஒரு கூட்டத்தில் இடம் கிடைப்பது என்றால் உட்கார ஓர் இடம் என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். இன்னொருவனுக்கு இடம் உண்டா இல்லையா என்று சொல்கிற பாரமும் அதோடு சேர்ந்து வரும் என்று யாரும் சொல்லவில்லை. சடங்கில் தன்னை இருத்தியவர்களும் ஒருநாள் இப்படித்தான் நின்றிருப்பார்களோ என்று நினைத்தாள். பிறகு பதில் சொன்னாள்.

"என்ன சொன்னீங்கள் அக்கா?" என்று கேட்டேன்.

"சொன்னனான்."

"என்ன எண்டு?"

"வட்டத்துக்குள்ளை கதைச்சது வட்டத்துக்குள்ளை நிக்கும். அதுதான் அங்கத்தை ஒழுங்கு."

கதைக்கு முடிவு வேண்டும் என்றேன். "உமக்கு வேணும்," என்றார் அக்கா. "கதைக்கு வேண்டாம்."

நானாக எழுதிப் பார்த்தேன். போகட்டும் என்று அவள் சொல்வதாக ஒன்று. அதில் நியாயம் இருந்தது, வாசிக்கவும் நிம்மதியாக இருந்தது. இருக்கட்டும் என்று சொல்வதாக ஒன்று. அதில் அவள் பெரிய மனுசியாகிவிட்டாள், எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று. மூன்றாவதில், அவளே தரிப்பிடத்துக்கு இறங்கிப் போய் அவன் பக்கத்தில் இருந்து

அதற்குமேல் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே வாசகரே, ஈரப் புல்லில் நீங்கள் நில்லுங்கள். கிழவி கோப்பியை உங்கள் கையில் தந்துவிட்டார், சூடாக இருக்கிறது. கீழே அவன் இருக்கிறான். வளைவில் பேருந்தின் குழல் கேட்கிறது. உங்களை இங்கே யாரும் விருந்தாளி என்று நினைக்கவில்லை.

சொல்லுங்கள்.