இடது பக்கத்து ஸ்பீக்கர்

காதுக்காரர் என்று அவருக்குப் பெயர் வைத்தது வேறு யாரும் இல்லை, அவரேதான். "நமக்குக் காது கொஞ்சம் ஜாஸ்தி" என்று நண்பர்களிடம் அடக்கமாகச் சொல்லி வைத்தார். அவர்கள் அப்படியே கூப்பிட ஆரம்பித்ததும், கூச்சப்படுவதுபோல் நடித்து ஏற்றுக்கொண்டார். ஆயிரத்து நானூறு இசைத்தட்டுகள் வைத்திருந்தார். அதில் பாதிக்கு மேல் உறையே பிரிக்காதவை. பிரித்தால் மதிப்புப் போய்விடுமாம். பிரிக்காமல் பாட்டை எப்படிக் கேட்பது என்று யாராவது கேட்டுவிட்டால், அந்த ஆளை மறுபடி வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்.

அவருடைய சித்தப்பா மகளுக்கு அவரை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். அவள் சவுண்டு சர்வீஸ் நடத்துகிறவள். மைக், மிக்ஸர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் கூட்டங்களுக்கும் கல்லூரி விழாக்களுக்கும் கட்டிக் கொடுப்பாள். இருபது வருஷத் தொழில். அரங்கத்தின் கடைசி வரிசையில் நின்றுகொண்டு எந்த ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். ஆனால் குடும்பத்தில் அவளுக்குப் பெயர் "மைக் செட்டு". வைத்தவர் காதுக்காரர்தான்.

பற்றிக்கொண்டு வருவதற்குக் காரணம் அந்தப் பெயர் இல்லை, ஒரு மரப்பெட்டி. அச்சகத்தில் வேலை பார்த்த அவளுடைய அப்பா மாதம் ஒன்றாக வாங்கிச் சேர்த்த நாற்பத்து மூன்று இசைத்தட்டுகள் அதில் இருந்தன. அப்பா இறந்த மறுவாரம் காதுக்காரர் வந்து நின்றார். "காது இருக்கிறவன் கையில இருக்கட்டும்மா" என்றார். அழுது ஓய்ந்திருந்தவள் தலையாட்டித் தொலைத்தாள். பெட்டியை நீல நைலான் கயிற்றால் தானே கட்டி, கம்பத்தில் ஸ்பீக்கர் கட்டும்போது போடுகிற முடிச்சைப் போட்டுக் கொடுத்தாள்.

ஒரு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. "ஒண்ணு விடாம போட்டுக் கேட்டுட்டேன். எல்லாம் தேய்ஞ்சு கிடக்கு. சித்தப்பாவுக்கு ரசனைன்னு பெருசா ஒண்ணும் இல்லம்மா, பாவம்." அவள் அதை நம்பினாள். அப்பாவை நினைத்துக் கொஞ்சம் வெட்கப்படவும் செய்தாள். அந்த வெட்கம் பதினோரு வருஷம் அவளுக்குள்ளேயே கிடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொந்தமாக ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கிய பிறகு பெட்டியை மூன்று தடவை கேட்டுவிட்டாள். மட்டமான தட்டையும் பாதுகாத்து வைப்பதுதான் சேகரிப்பு என்று மூன்று தடவையும் பாடம் நடத்தி அனுப்பினார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காதுக்காரரின் மனைவி, அவளுடைய அண்ணி, போன் செய்தாள். "உங்க அண்ணன் செட்டுல உர்ருன்னு ஒரு சத்தம். ஆளுங்க வர்ற நேரம். வெளியாள் கை வைக்கக் கூடாதாம், நீ வந்து பாத்துட்டுப் போறியா?" இலவச வேலை என்றால் மட்டும் மைக் செட்டு உள்ளாள் ஆகிவிடும். இருந்தாலும் நான்காவது தடவையாகக் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அறையில் ஏசி குளிரைக் கொட்டியது. தட்டுகளுக்கு அதுதான் நல்லதாம். பாட்டுக் கேட்க வந்திருந்த பல் டாக்டரும் வக்கீலும் சோபாவில் ஒடுங்கி உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். காதுக்காரர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, தட்டை பிரஷ்ஷால் நீவி, மூச்சைப் பிடித்து முள்ளை இறக்கினார். வெளிநாட்டில் பதிவான வாத்திய இசை. உர்ர் என்ற இரைச்சலுக்கு மேலே குழல் ஒன்று மெலிசாகக் கேட்டது.

"அந்த இரைச்சல விடுங்க. இடது பக்கம் கவனிங்க" என்று காதுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு இடது மூலையில் இருந்த ஸ்பீக்கரைக் காட்டினார். "குழல் அங்க நிக்குது. தனியா, அந்தரத்துல."

"ஆமா ஆமா, நிக்குது" என்றார் பல் டாக்டர். வக்கீல் வாயில் ஈ போவது தெரியாமல் இடது மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அலமாரிக்குப் பின்னால் குந்தினாள். பிளேயரின் எர்த் வயர் கழன்றிருந்தது. திருகை முடுக்கினாள், இரைச்சல் அடங்கியது. இரண்டு நிமிஷ வேலை. எழுந்திருக்கப் போனவளின் கண்ணில் இன்னொரு வயர் பட்டது. இடது ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய வயர் ஆம்ப்ளிஃபயரில் செருகப்படாமல் தரையில் கிடந்தது. அதன் செப்பு முனையில் இரண்டு சொட்டு சுவர்ப் பெயின்ட் காய்ந்து இறுகியிருந்தது.

"அண்ணி, இந்த ரூமுக்குப் பெயின்ட் அடிச்சு எவ்வளவு நாளாச்சு?"

"நாலு வருஷம். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

நாலு வருஷமாக இடது ஸ்பீக்கர் ஊமை. நாலு வருஷமாக இந்த மனிதர் அதைக் கைகாட்டிக் கைகாட்டிப் பேசியிருக்கிறார், வந்தவர்களும் பார்த்துப் பார்த்து மெய்மறந்திருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. போட்டு உடைத்துவிடலாமா என்று நினைத்தாள். அதற்கு முன்னால் அந்தக் காதுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுப்போம் என்று பெயின்ட்டைச் சுரண்டி எறிந்துவிட்டு வயரைச் செருகினாள்.

இடது மூலை வாய் திறந்தது. அதுவரை இல்லாத வயலின்கள் அங்கிருந்து ஒரு கூட்டமாகக் கிளம்பின. வலது பக்கத்துக் குழல் அவற்றுக்குப் பதில் சொன்னது. நன்றாக எடுத்த பதிவு. அவள் ஒரு கணம் தன்னை மறந்து கேட்டாள்.

காதுக்காரரின் முகம் சுருங்கியது. "என்னம்மா பண்ணித் தொலைச்ச?"

"எர்த் வயர முடுக்கினேன்."

"எதையோ கெடுத்துட்ட. சத்தம் சிதறுது. அந்தக் கதகதப்பு போயிடுச்சு."

"கொஞ்சம் கூட்டமா இருக்கு" என்று வக்கீல் ஒத்து ஊதினார்.

"எனக்குப் பல்லே கூசுது" என்றார் பல் டாக்டர்.

"மைக் செட்டுக் கை பட்டா இப்படித்தான் ஆகும்" என்றார் காதுக்காரர். "பழைய சத்தம் திரும்ப வருமா, வராதா?"

இவ்வளவுதான் இந்தக் காது. இந்தக் காதை நம்பித்தான் அப்பாவை மட்டமாக நினைத்தோம் என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"வரும் அண்ணா. நுணுக்கமான வேலை. காசு வேண்டாம், அப்பா பெட்டியக் கொடுத்துடுங்க."

விருந்தாளிகள் எதிரில் பேரம் பேச அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. "அந்தக் குப்பைதானே? தூக்கிட்டுப் போ. முதல்ல இதச் சரி பண்ணு."

அவள் மறுபடி குந்தினாள். இருபது வருஷமாக வயரைச் சேர்த்தே பழகிய கை. நன்றாக ஓடுகிற ஸ்பீக்கரை வேண்டுமென்றே பிடுங்க ஒரு நொடி தயங்கத்தான் செய்தது. பிடுங்கினாள். வயலின்கள் போயின.

காதுக்காரர் சோபாவில் சாய்ந்தார். "ஆங். இப்பதான் உயிர் வந்திருக்கு. கேளுங்க, இடது பக்கம் எப்படி மூச்சு விடுது."

"அடடா" என்றார் வக்கீல்.

அண்ணி ஸ்டூல் போட்டு ஏறி, பரண் மூலையிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தாள். "வச்ச இடத்துல அப்படியே இருந்துச்சு. நான்தான் அப்பப்போ தூசி தட்டுவேன்" என்று அவள் கையில் கொடுத்தாள்.

நீலக் கயிறு வெளுத்துப்போய் மரத்தோடு மரமாக ஒட்டியிருந்தது. அதன் மேல் அதே முடிச்சு இருந்தது. அவள் போட்டது.

"அண்ணா, இதெல்லாம் நீங்க போட்டுக் கேட்டதுதானே?"

"ஒண்ணு விடாம. அப்பவே சொன்னேனே."

"அப்புறம் மறுபடி கட்டி வச்சீங்களா?"

"பின்ன, திறந்தா போட்டு வைப்பாங்க?"

"இது கம்பத்துல ஸ்பீக்கர் கட்டுற முடிச்சு அண்ணா. மைக் செட்டுக்காரங்களுக்குத்தான் போட வரும்" என்றாள். "உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தா?"

காதுக்காரர் முடிச்சைப் பார்த்தார். பல் டாக்டர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது, வலது பக்கம் மட்டும் பாடிக்கொண்டிருந்தது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

படியில் அண்ணி பின்னாலேயே இறங்கி வந்தாள். "அந்த வயரத் திரும்பப் பிடுங்கிட்ட போலிருக்கே?"

அவள் நின்றாள். "உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"நாலு வருஷமா அத நகர்த்தி வச்சுட்டுத்தானே பெருக்குறேன். சும்மா கிடக்குற வயர் எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"சொல்லலையா?"

"காது இருக்கிறவர்கிட்ட நான் போய் என்னத்தச் சொல்ல" என்று சொல்லிவிட்டு, காபி கொடுக்க நேரமாகிவிட்டது என்று அண்ணி மேலே ஏறினாள்.

வேனில் ஏறியதும் முடிச்சின் குட்டை முனையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள், கயிறு கழன்று விழுந்தது. மேலே இருந்த தட்டை உருவி வெயிலில் சாய்த்துப் பிடித்தாள். தேயவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. ஓரத்தில் விரல்பட்ட தடமும் இல்லாமல் அப்பா துடைத்து வைத்தபடியே இருந்தது.

"மன்னிச்சுக்கோங்கப்பா" என்று சொல்லி, தட்டை உறைக்குள் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள்.