பொத்தான் டப்பா

கோட்டின் நடுப் பொத்தானைக் காணோம். ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்த மனுஷன் கோட்டில் எப்போதும் ஒரு பொத்தான் குறையும். அதைச் சொல்லிக் கேலி செய்தே அவள் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். நாத்தனார் அண்ணனுக்குச் சட்டை போட்டுவிட்டு வந்து கோட்டுக்காக நின்றாள். தையல்காரர் பொத்தான் இல்லாத கோட்டோடு சவப்பெட்டிக்குள் போகக்கூடாது என்று மெஷின் இழுப்பறையைத் திறந்து, பொத்தான் டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தாள் மனைவி.

பொத்தான்களோடு மாத்திரை அட்டைகளும் விழுந்தன. எல்லாம் காலி. ஒன்றில் மட்டும் ஒரு நீல மாத்திரை மிச்சமிருந்தது.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வலி மாத்திரைதான் அண்ணி. நான்தான் வாங்கிக் கொடுத்தேன்."

வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது, "மருந்தைத் தொடாதீங்க, கர்த்தருக்குக் காத்திருங்க" என்றார் போதகர். அவள் காத்திருந்தாள். ஏனோதானோவென்று அல்ல, உபவாசமிருந்து, முழங்கால் காய்த்துப்போக. அவர் கையைப் பிடித்து, "ரெண்டு பேரும் சேர்ந்து காத்திருப்போம்" என்று வாக்கும் வாங்கினாள். பக்கத்து அறையில் அவர் முனகுவதைக் கேட்டும் ஜெபத்தை விடவில்லை. அப்புறம் ஒருநாள் முனகல் நின்றது. மறுநாளே சபையில் எழுந்து, கர்த்தர் சுகம் கொடுத்தார் என்று சாட்சி சொல்லிவிட்டாள். சபையே கைதட்டியது. அவர் கடைசி பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தார். நன்றி சொல்லி ஜெபிக்கிறார் என்று நினைத்தாள், பைத்தியக்காரி.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

அவள் காலி அட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"நீங்க சாட்சி சொன்னீங்களே, அன்னைக்கே சொல்லிடலாம்னுதான் அண்ணன் இருந்தாரு. வீட்டுக்கு வந்து சந்தோஷத்துல அப்படி அழுதீங்களாமே. இனிமே எந்த வாயால சொல்றதுன்னு கேட்டாரு."

ஏமாற்றியது புருஷனா, கர்த்தரா? இருவரும் கூட்டுச் சேர்ந்து செய்த காரியம் போலத்தான் இருந்தது. காத்திருந்தது அவள் ஒருத்தி மட்டும். வலியில் துடித்தவரோ, அவளுக்குப் பயந்து, பொத்தானுக்கடியில் மாத்திரையை ஒளித்து வைத்துத் தின்றிருக்கிறார்.

போதகர் அறைவாசலில் வந்து நின்றார்.

"அம்மா, ஆராதனை ஆரம்பிக்கலாம். நீங்க ரெண்டு வார்த்தை சொன்னா நல்லாருக்கும். கடைசி வரைக்கும் மருந்தைத் தொடாம காத்திருந்தாருன்னு. எத்தனையோ பேருக்கு விசுவாசம் வளரும்."

அவள் அட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"தொட்டாரு ஐயா. இதோ."

போதகர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இது நமக்குள்ள இருக்கட்டுமே அம்மா. சபைக்கு எதுக்கு?"

ஒரு காலத்தில் இந்தக் குரல் சொன்னதெல்லாம் அவளுக்கு வேதவாக்கு. அவள் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டு வார்த்தை சொல்றேன் ஐயா. நான் பொய்ச் சாட்சி சொன்ன அதே ஜனங்கதானே வந்திருக்காங்க?"

"அம்மா, நேரமாச்சு... எல்லாரும் உட்கார்ந்திருக்காங்க..."

"காத்திருங்க."

ஊசியில் நூல் கோக்க முடியாமல் கண் மறைத்தது. நாத்தனார் வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். கோட்டு நிறத்துக்கு ஒத்த பொத்தான் ஒன்றும் அகப்படவில்லை. கைக்குக் கிடைத்த வெள்ளைப் பொத்தானை வைத்துத் தைக்கத் தொடங்கினாள். அவர் தைப்பதுபோல, ஒவ்வொரு தையலையும் இழுத்துப் பார்த்து, நிதானமாக. போதகர் வாசலில் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்.