இளம்பரிதிக்கு ஒரு ஜாக்கெட்

செவ்வந்தி மகனுடைய பழைய சட்டையைக் கட்டிலில் குப்புற விரித்து, தோளுக்குத் தோள் இஞ்ச் டேப்பைப் பிடித்தாள். இங்கிலாந்துக்குப் படிக்கக் கிளம்பியபோது இளம்பரிதி விட்டுவிட்டுப் போன சட்டை அது. பக்கத்தில் அவன் தங்கை கயல்விழி, அந்த ஊர்த் துணிக்கடை ஒன்றைச் செல்போனில் திறந்து வைத்திருந்தாள். தள்ளுபடியில் குளிர் ஜாக்கெட்டெல்லாம் பாதி விலைக்கு வந்திருந்தது. இங்கிருந்து பணம் கட்டினால் அண்ணன் வாசலிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்களாம்.

"எம் சைஸா, எல் சைஸாம்மா? சீக்கிரம் சொல்லு, ஸ்டாக் தீந்துடும்."

செவ்வந்தி டேப்பைத் திரும்பவும் சட்டையில் வைத்துப் பார்த்தாள். அங்கன்வாடியில் மாதாமாதம் பிள்ளைகளை எடை போட்டுப் பழகியவள். ஒரு பிள்ளை இளைத்திருந்தால் தூக்கும்போதே கைக்குத் தெரிந்துவிடும். போனில் வருகிற பிள்ளையை எப்படித் தூக்கிப் பார்ப்பது? அதிலும் கொஞ்ச நாளாக அவன் வீடியோவில் வருவதே இல்லை. "நெட் சரியில்லம்மா" என்று குரல் மட்டும்தான். கடைசியாக முகத்தைப் பார்த்தபோது மூக்கு நுனி சிவந்திருந்தது. உடம்பில் ஊரிலிருந்து கொண்டுபோன அதே மெல்லிய ஸ்வெட்டர். கேட்டால் இங்கே அவ்வளவு குளிரெல்லாம் இல்லை என்பான். டிவியில் அந்த நாட்டுப் பனியைக் காட்டும்போதெல்லாம் அவளுக்கு அந்த ஸ்வெட்டர்தான் கண்ணில் நிற்கும். நீடாமங்கலத்து மார்கழிக்கே காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன்.

"பெருசாவே போடு. உள்ள இன்னொரு சட்டை போட்டுக்கலாம்ல."

முதலில் கார்டு வேலை செய்யவில்லை. மறுநாள் பேங்க்குக்குப் போய், வெளிநாட்டுக் கடைக்கும் செல்லும்படி மாற்றிக்கொண்டு வந்தாள். பணம் போன பிறகு வேறு கவலை பிடித்துக்கொண்டது. நிஜமாகவே அப்படி ஒரு கடை இருக்கிறதா, இல்லை எவனாவது ஏமாற்றுக்காரனா? குழந்தைகளுக்குச் சத்துமாவு உருண்டை பிடிக்கும்போதும் அதே நினைப்பு. மகனிடம் மூச்சு விடவில்லை. கையில் கிடைத்ததும் அவன் சந்தோஷப்படுவதைக் காதால் கேட்க வேண்டும் அவளுக்கு.

பார்சல் கொடுத்தாயிற்று என்று ஒருநாள் கயல்விழியின் போனுக்குச் செய்தி வந்தது. சிவப்புக் கதவு ஒன்றின் முன்னால் சாம்பல் நிறப் பை கிடக்கும் படமும் கூடவே வந்தது. செவ்வந்தி உடனே மகனைக் கூப்பிட்டாள்.

"வாசல்ல ஒரு பார்சல் வந்திருக்குமே, பாத்தியாப்பா? குளிர் ஜாக்கெட்."

"ஆங்... வந்துச்சும்மா. போட்டுப் பாத்தேன். அளவு கரெக்டா இருக்கு. எதுக்கும்மா உனக்கு இந்தச் செலவெல்லாம்?"

அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். புருஷன் வைரக்கண்ணு டீக்கடையில் உட்கார்ந்து, இங்கே பட்டனை அமுக்கி அங்கே பிள்ளைக்குத் துணி எடுத்துக் கொடுத்த கதையை ஊருக்கே சொன்னார்.

நாலைந்து நாள் கழித்து, சாயங்காலம் கயல்விழி போனைப் பார்த்துக்கொண்டே அடுப்படிக்கு வந்தாள். முகம் சரியில்லை.

"அம்மா, பார்சல் கடைக்கே திரும்பிப் போயிடுச்சாம். அந்த வீட்ல அண்ணன் பேர்ல யாரும் இல்லைன்னு திருப்பிக் குடுத்துட்டாங்களாம்."

"தப்பா எழுதியிருப்பாங்க. நல்லாப் படி."

கயல்விழி மறுபடி படித்தாள். அதேதான். போட்டுப் பார்த்தேன் என்றானே, அளவு சரியாக இருக்கிறது என்றானே! அப்படியென்றால் இத்தனை நாளாக எங்கே படுக்கிறான், யாரோடு இருக்கிறான்? செவ்வந்தி அடுப்பை அணைத்துவிட்டுப் போனோடு கொல்லைப்பக்கம் போனாள். முதல் தடவை அவன் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள்.

"பரிதி, ஜாக்கெட்டு திரும்பிப் போயிடுச்சாம்ப்பா. நீ எங்கதான் இருக்க?"

"அந்த வீட்டக் காலி பண்ணி மூணு மாசம் ஆச்சும்மா."

"காலேஜுக்குப் போறியா?"

"இல்ல. ரெண்டு பேப்பர் போயிடுச்சு. நிறுத்திட்டாங்க." குரல் கம்மியது. "அப்பாகிட்ட சொல்லிடாத."

அவளுக்கு என்னென்னவோ கேள்விகள் வாய் வரை வந்தன.

"வீடியோவப் போடு."

"வேணாம்மா."

"போடுப்பா. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

திரையில் இருட்டுதான் முதலில் தெரிந்தது. பிறகு அவன் வந்தான். தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு, சுவரோரம் முழங்காலைக் கட்டி உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. செவ்வந்தி சொன்னபடி எதையும் கேட்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வாசலில் மொபெட் வந்து நின்ற சத்தம். வயலிலிருந்து வந்த வைரக்கண்ணு, பேச்சுக்குரல் கேட்டு நேராகக் கொல்லைக்கே வந்துவிட்டார்.

"பரிதியா? இங்க குடு. ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லணும். டீக்கடையில எல்லாரும் கேக்குறாங்க."

சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு நீட்டினார். செவ்வந்தி போனை நெஞ்சோடு சேர்க்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. திரையில் மகன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அந்த அறைக்குள்ளேயே அவன் மூச்சு வெள்ளையாகக் கிளம்பி, கேமராவில் படிந்து அவன் முகத்தை மறைத்தது. மெல்லக் கலைந்தது. மறுபடி மறைத்தது.