மூன்றாம் தசமத்தில் ஒரு வீடு

1

இந்தக் கதை என்னுடையதில்லை. மேடவாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஏறிப் பள்ளிக்கரணை வருவதற்குள் பக்கத்திலிருந்த பெண் போனில் பேசியது. பேச்சாகக் காதில் விழுந்தால்தான் எனக்குக் கதை வரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கிழவி தூங்குகிறாள் என்று நினைத்திருப்பாள்.

"தெருவுக்குப் பேரே இல்ல ஜோஷ்வா. மேப்ல வெறும் நம்பர்தான் வரும். அனுப்புறேன், உங்கம்மாவ கூட்டினு வந்துடு."

கேட்டது அவ்வளவுதான். ஜாஸ்மின் என்ற பெயர் முதற்கொண்டு மற்றதெல்லாம் நான் சேர்த்தது.

2

குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய வீட்டில், ஜாஸ்மினைப் பெண் பார்க்க அன்று

(அடித்துவிட்டேன். அவள் வீடு சதுப்பு நிலத்து ஓரம், குப்பைமேட்டுப் புகை வரும் இடத்தில் இருக்கிறது. அந்த நாற்றத்தை எழுதக் கூசி வீட்டையே தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.)

மறுபடி. ஜாஸ்மின் மேப்பில் தன் வீட்டின்மேல் விரலை அழுத்தினாள். அட்சரேகை பன்னிரண்டு, தீர்க்கரேகை எண்பது, இரண்டுக்கும் புள்ளிக்குப் பின்னால் நீளமாக எண்கள். அட்சரேகையின் மூன்றாம் தசமத்தில்* இரண்டைக் கூட்டி அனுப்பினாள்.

* பள்ளிக்கூடத்தில் இந்தக் கோடுகளெல்லாம் கப்பலுக்கு என்று நினைத்திருந்தேன். மூன்றாம் தசமத்தில் ஒன்று கூட்டினால் வடக்கே நூறு மீட்டர் சொச்சம் நகரும். இரண்டு கூட்டினால், இவள் விஷயத்தில், நீச்சல்குளம் வைத்த அபார்ட்மென்ட் கேட்.

"ஏம்மா இப்படிப் பண்ணினே?" என்று அவளையே கேட்டேன்.

"கேட்லயே நின்னு, வூட்ல பெயின்ட் அடிக்கிறாங்கன்னு சொல்லி, ஓட்டலுக்குக் கூட்டினு போயிடுவேன். நீங்க மட்டும் இன்னா ஆன்ட்டி? குரோம்பேட்டைக்கே தூக்கினு போனீங்க. நான் இருநூறு மீட்டர்தான்."



3

ஜோஷ்வாவும் அவன் அம்மாவும் சீக்கிரமே அபார்ட்மென்ட் கேட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"யார் வூடு சார்?" என்றார் வாட்ச்மேன்.

"ரோஸி வீடு. பொண்ணு பேரு ஜாஸ்மின்" என்றான் ஜோஷ்வா.

"ரோஸியக்காவா! இங்க வூட்டு வேலைக்கு வர்றவங்க சார். இன்னிக்கு லீவு. பொண்ணு பாக்க வர்றாங்களாம்."

(அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று ஜாஸ்மின் ஜோஷ்வாவிடம்கூடச் சொன்னதில்லை. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். அவளோடு சேர்ந்து நானும் மறைத்துவிட்டேன்.)

ஜாஸ்மின் செருப்பை மாட்டுவதற்குள் போன் அடித்தது. பதற்றத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டது.

"ஜோஷ்வா அம்மா பேசறேன். இங்க வேலைக்கு வர்ற ரோஸிதான் உங்கம்மாவாம்மா?"

ரோஸி கேட்டுவிட்டாள். தலையில் பூ, கையில் கேசரித் தட்டு. மகளிடம் ரகசியக் குரலில் சொன்னாள்:

"இல்லன்னு சொல்லிடுடி. அது வேற ரோஸின்னு சொல்லு. நான் பின்பக்கமா போயிடறேன்."

4

"ஆமா ஆன்ட்டி" என்று ஜாஸ்மின் சொல்வதாக எழுதிப் பார்த்தேன். அவள் வாயால் என் வெட்கத்தை நானே துடைத்துக்கொண்டது போலிருந்தது. "வேற ரோஸி" என்று எழுதப் போனேன். வேற என்பதற்கு மேல் பேனா

கதையை உங்களிடம் விட்டுவிடுகிறேன். போன் இன்னும் ஸ்பீக்கரில்தான் இருக்கிறது, அந்தம்மா "ஹலோ, ஹலோ" என்கிறார். ரோஸி தட்டை வைத்துவிட்டுப் பின்வாசல் பக்கம் நடக்கிறாள். வீடு சின்னது, பின்வாசல் நாலே எட்டுதான். சொல்வதானால் இப்போதே சொல்லுங்கள்.