வடம் தளராமல்

ஜனகராஜ் முதலாளியின் காரில் ஒரு கீறல் விழுந்தால் டிரைவருக்குச் சீட்டுக் கிழிந்துவிடும். முந்தின டிரைவர் அப்படித்தான் போனான். பட்டு வியாபாரியான அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்று சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு; மாப்பிள்ளை வரப்போவது அந்தக் காரில்தான். தாமரைப் பூ வாங்கிவரப் புது டிரைவர் சிக்கந்தரை அனுப்பினால், பூவோடு திரும்பும்போது கீழக்குயில்குடி மலையடிவாரத்தில் கார் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. மூடியைத் திறந்து பார்த்தான், கெஞ்சினான், திட்டினான். ஊஹூம்!

ஊரிலிருந்த வண்டிமாடுகளெல்லாம் சந்தைக்குப் போயிருந்தன. மிச்சம் அந்த ஊர் விவசாயி முத்துத்தாயின் கவலைமாடுகள்தான். சால் என்ற பெரிய தோல்வாளியைக் கிணற்றிலிருந்து வடத்தால் இழுத்துத் தண்ணீர் இறைப்பவை.

"ராவுத்தரே, இதுக ரோட்டப் பாத்ததே இல்ல. சொன்னாக் கேளும்."

"மாடு மாடுதானக்கா! வெரசாப் பூட்டுங்க."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் தொழிலில் கெட்டிக்காரன். வடத்தை விளக்கிலோ மட்கார்டிலோ கட்டவிடாமல், தானே மண்ணில் மல்லாந்து படுத்து, அடியிலிருந்த கனத்த இரும்புச் சட்டத்தில் சாக்கைச் சுற்றிக் கட்டினான். ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தான். முத்துத்தாய் மாடுகளோடு நடந்தாள். கார் அம்சமாக நகர்ந்தது. ஹாரன் அடித்துப் பார்க்கும் அளவுக்கு அவனுக்குக் குஷி வந்துவிட்டது.

கண்மாய்க்கரை இறக்கத்தில் வந்தது வினை. கார் தானாக உருண்டது, வடம் தொய்ந்தது. உடனே இரண்டு மாடுகளும் நின்று, யாரோ சொல்லி அனுப்பியதுபோல் நிதானமாகப் பின்னால் நடக்க ஆரம்பித்தன.

"யா அல்லா! யக்கா, புடிங்க, புடிங்க!"

பிரேக்கை மிதித்தான். கார் நின்றது, மாடுகள் நிற்கவில்லை. முத்துத்தாய் ஓடிவந்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்தியபோது, இடப்பக்கத்து மாட்டின் வால் விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "சால்த்தண்ணி கொட்டிருச்சுன்னு நெனச்சுட்டானுக! வடம் தொவண்டா பின்னாலயே நடந்து கெணத்தடிக்குப் போகணும்ல? அதுகளுக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்."

சிக்கந்தருக்குப் போன உயிர் மெல்லத் திரும்பி வந்தது. "அப்ப, பாரம் கொறையவே கூடாது. அப்பிடித்தானக்கா?"

"அப்பிடித்தான்."

அதற்குப் பிறகு அவன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. சமதரையில் பட்டும் படாமலும், இறக்கத்தில் அழுத்தியும், வடம் விறைப்பாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டான். கார் தேர் மாதிரி அசைந்து மதுரைக்குள் நுழைந்தது.

மாப்பிள்ளை தங்கியிருந்த வீட்டு வாசலில் ஜனகராஜ் பட்டு வேட்டியோடு நின்றிருந்தார். "என்னடா கோலம் இது? மாடு?"

"எஞ்சின் போச்சு முதலாளி. ஆனா கீறல் இல்ல."

அவர் காரைச் சுற்றி வந்தார். மட்கார்டு, கதவு, விளக்கு என்று ஒன்று விடாமல் விரலால் தடவினார். அதற்குள் மாப்பிள்ளைப் பையன் யாரையும் கேட்காமல் தாமரைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்துவிட்டான். "மாமா, இப்பிடியே போவோம்! எவன் கல்யாணத்துல இப்பிடி வந்தான்?"

மேளம் முழங்கியது. தெருவே சிரித்தது, ஜனகராஜும் சிரித்துவிட்டார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை இறங்கியதும் அவர் காரருகே வந்தார்.

"எறங்குடா சிக்கந்தரு. மொதப் பந்தியில ஒனக்கு எலை போட்டாச்சு."

"மாட்டை அவுக்குற வரைக்கும் பிரேக்க விட மாட்டேன் முதலாளி."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜனகராஜே போய், முத்துத்தாயோடு சேர்ந்து மாடுகளை அவிழ்த்தார்.

"அவுத்தாச்சுடா. இப்பவாவது காலை எடு."

கை பிரேக்கைப் போட்டுவிட்டு எடுக்கப் பார்த்தான். கால் மரத்துக் கிடந்தது, அசையவில்லை. முதலாளி தோளைக் கொடுத்து அவனை இறக்கிப் பந்திக்குக் கூட்டிப்போனார்.